மிஞ்சிய சோற்றில் கொட்டிய உப்பு

எங்கள் ஹோட்டலின் பின்வாசலில் நிற்கும் நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு மனிதனின் பெயர் எழுதியிருக்கிறது. வெள்ளைப் பெயின்டில், இந்தி எழுத்தில், சைமன் என்று. பக்கத்து டீக்கடையின் டிரம்மில் வேறொரு பெயர். டெலானிபூர் ஏற்றத்தில் இருக்கும் பிரியாணிக் கடையின் டிரம்மில் இன்னொரு பெயர். போர்ட் பிளேரில் வந்து இறங்கிய முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். எச்சில் சோறு போடுகிற டிரம்முக்குப் பெயர் வைத்துக் காதும் குத்துவீர்களா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் பெங்காலி. நான் கேட்டது ஒன்றும் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். ஊரில் இருக்கும் உங்களுக்கும் இது வேடிக்கையாகத்தான் இருக்கும். கப்பலேறி வந்து இங்கே அடுப்படியில் வேகிற நம் ஆட்களுக்கு விஷயம் தெரியும், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். மிஞ்சிய சோறு, குழம்பு, காய்த்தோல், தட்டிலிருந்து வழித்தது எல்லாம் அந்த டிரம்முக்குள் போகும். பிற்பகல் நான்கு மணிக்குப் பன்றி வளர்ப்பவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். எங்கள் டிரம் சைமனுடையது. அவருடைய அப்பாவும் இதே வாசலில்தான் எடுத்தாராம். காடு வெட்டுவதற்காக வெகுகாலம் முன்பு வடக்கேயிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் வழியில் வந்தவர். இங்கே அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். பெயர் எழுதிய டிரம்மில் வேறு யாரும் கை வைப்பதில்லை. ஹோட்டல் கைமாறினாலும் டிரம் கைமாறாது. சைமன் தினமும் அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழைத்தார் கொண்டு வந்து சாத்திவிட்டுப் போவார். யாரும் இதற்குப் பத்திரம் எழுதியதில்லை. ஆனால் எழுதிய பத்திரத்தைவிட இது கெட்டியானது என்பதை நான் ஒரு பல்லைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது எங்கள் ஹோட்டலில் சோறு அண்டாவில் வேகுவதில்லை. சின்னச் சின்னக் குண்டானில், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம், வாசலில் எத்தனை தலை தெரிகிறதோ அந்த அளவுக்கு வடிக்கிறேன். சாப்பிட உட்காருகிறவரிடம் முழுசா, பாதியா என்று கேட்டுத்தான் தட்டு வைப்போம். பாதி என்றால் பாதி. பத்தாவிட்டால் மறுபடி போடுவோம், முகம் சுளிக்க மாட்டோம். நேற்று மதியம் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுற்றுலாக்காரர் ஒருவர், "எங்களைப் பாத்தா பாதிச் சாப்பாட்டுக்காரனாட்டவா தெரியுது?" என்று கத்திவிட்டு முழுசாக வாங்கினார். ரசத்தோடு எழுந்து போய்விட்டார். தட்டில் கால்வாசி கிடந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் கையை நான் நம்புவதில்லை. அந்தக் கைக்கு ஒரு வரலாறு உண்டு.

நான் பரமக்குடிக்காரன். மதுரையில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்து மாஸ்டர் ஆனவன். அந்தக் கடையில் ஒரு வழக்கம். மதியச் சாப்பாடு முடிந்து ஹாலைப் பெருக்கும்போது, மிஞ்சிய சோற்றில் முதலாளி கல் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டுவார். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க வேண்டும். பிறகு நான் அதைக் கரண்டியால் புரட்டி விடுவேன். "மிஞ்சுனா வீட்டுக்குப் போகும்னு தெரிஞ்சா இவய்ங்க மிஞ்சுற மாதிரியே வடிப்பாய்ங்க. வாயில வைக்க முடியாதபடி ஆக்கிட்டா அளவா வடிப்பாய்ங்க" என்பது அவர் கணக்கு. பதினோரு வருடமும் சோறு மிஞ்சிக்கொண்டேதான் இருந்தது. உப்பும் விழுந்துகொண்டேதான் இருந்தது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அங்கே பாண்டியம்மா என்று ஒருவர் பாத்திரம் கழுவினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் உப்பு விழும் முன்பே இரண்டு கை சோற்றை அள்ளித் தூக்குவாளியில் போட்டு மூடிவிட்டார். முதலாளி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லாத அளவுக்கு நான் நன்றாகப் பழகியிருந்தேன். போய்ப் பாண்டியம்மாவின் கன்னத்தில் அறைந்தேன். தூக்குவாளி உருண்டு சாக்கடை ஓரத்தில் முட்டி நின்றது. அவர் அழவில்லை. "சோத்துக்காப்பா அடிச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குனிந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி மல்லிகா முதல் நாள் புளிக்குழம்பைச் சூடாக்கி வைத்தாள். ஹோட்டல் மாஸ்டருக்குப் பழைய குழம்பா என்று தட்டோடு தூக்கிச் சுவரில் அடித்தேன். அந்தக் கறை எத்தனை வெள்ளையடித்தும் போகாமல், அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் இருந்தது.

இந்தக் கையோடும் இந்தப் புத்தியோடும்தான் ஐந்து வருடத்துக்கு முன்பு இங்கே வந்தேன். ஹோட்டலுக்குச் சொந்தக்காரர் சரோஜா அக்கா. மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் குடும்பம். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். எனக்கு அடுப்படியைக் காட்டிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக மறுநாளே சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது சாவியைக் கொடுத்தார், கியாஸ் ஏஜென்சி நம்பரைக் கொடுத்தார். டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூச்சு விடுவதற்கு யாராவது யாருக்காவது சொல்லிக் கொடுப்பார்களா? அப்படித்தான் அதை நினைத்திருப்பார்.

அது பங்குனி மாதம். மழை பெய்து கொட்டும் ஊர் என்று பெயர்தான். பங்குனியில் இங்கே குழாயில் தண்ணீர் வருவது மூன்று நாளைக்கு ஒரு முறை. கப்பலும் தாமதம். காலையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் 'ஜஹாஜ் வந்துச்சா' என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். வெங்காயம் தங்கமாக இருந்தது. எங்கள் கடையிலோ தினமும் ஒரு குண்டான் சோறு மிஞ்சியது. அதை அப்படியே டிரம்மில் சாய்ப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உச்சி சூடாகும். சோறு வடிப்பவர் பிஜய், ஐம்பது வயது, டிக்லிபூரில் குடியேறிய பெங்காலிக் குடும்பம். சைமன் வந்தால் இருவரும் பீடி பற்ற வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவார்கள். எனக்குப் புரியாத மொழியில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும் நாட்கள் அவை. சரிதான், பன்றிக்காரனுக்காகவே இவன் கூடுதலாக வடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். மதுரை வைத்தியம்தான் இதற்குச் சரி என்று ஒரு மூட்டை கல் உப்பு வாங்கிப் போட்டேன்.

முதல் நாள் நான் உப்பைக் கொட்டியதும் பிஜய் ஓடி வந்து கரண்டியைப் பிடித்தார். "மாஸ்டர், மத் டாலோ. நமக் மத் டாலோ. சைமன் கா ஹை" என்றார். போடாதே, அது சைமனுடையது என்கிறார். திருடனே வாக்குமூலம் கொடுக்கிறான் என்று எனக்குப் பட்டது. கரண்டியைப் பிடுங்கி அவர் தோளில் வீசினேன். எலும்பில் பட்ட சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து அடுப்புத் திட்டில் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் டிக்லிபூருக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆளை நானே அடித்து விரட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாளும் தடுக்க ஆளில்லாமல் உப்பைக் கொட்டினேன். ஒரு படி, ஒன்றரைப் படி, கடைசியில் கை போன போக்கில்.

நான்காம் நாள் பகல் ஒரு மணி. ஹாலில் ஆபீஸ் ஆட்கள் முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சைமன் முன்வாசல் வழியாக வந்தார். அவர் முன்வாசலில் வந்து நான் பார்த்ததே இல்லை. தோளில் ஒரு பன்றி கிடந்தது, செத்தது. நேராக வந்து பரிமாறும் மேஜைமேல் அதை எறிந்தார். சாம்பார்ப் பாத்திரம் கவிழ்ந்தது. அப்பளக் கூடை நசுங்கியது. பன்றியின் வாயில் நுரை கட்டிக் காய்ந்திருந்தது, நாக்கு கடிபட்டுப் பாதி தொங்கியது. "நமக் கௌன் டாலா?" என்று கேட்டார். உப்பை யார் போட்டது? பன்றிகள் விழ ஆரம்பித்ததும் எங்களிடம் எடுத்துப் போன சோற்றை வாயில் வைத்து ருசி பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் ஹாலில், என் சாப்பாட்டுமேல், ஒருவன் செத்த பன்றியைப் போட்டுவிட்டான் என்பதுதான்.

"மைனே டாலா! நாந்தேன் போட்டேன்! மேரா ஹோட்டல், மேரா சோறு. நீ யார்றா கேக்குறதுக்கு?" என்று கத்தினேன். கையில் இருந்த இரும்புக் கரண்டி என்னைக் கேட்காமலே போய் அவர் நெற்றியில் இறங்கியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. என் பிடரியைப் பிடித்தார். காடு வெட்டிய பரம்பரையின் கை. அடுப்படி வழியாகத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பின்வாசலில் டிரம்முக்குள் என் தலையை அமுக்கினார். காலை டிபனில் மிஞ்சிய பொங்கலில் நான் அப்போதுதான் உப்பைப் புரட்டி வைத்திருந்தேன். அதை அள்ளி என் வாயில் திணித்தார். "கா" என்றார். தின்னு. நான் பல்லைக் கடித்தேன். டிரம் விளிம்பில் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று முறிந்தது. அந்தச் சந்து வழியாக இன்னொரு கை பொங்கல். "கா, கா." மூக்கில் உப்பு, கண்ணில் உப்பு, உடைந்த பல்லின் வேரில் உப்பு. ஆபீஸ் ஆட்கள் கை கழுவாமல் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் பிடித்து விலக்கவில்லை. நான் வாந்தி எடுத்ததும் விட்டுவிட்டு, செத்த பன்றியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாயைக் கொப்பளித்தேன். காய் வெட்டும் கத்தியை எடுத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். கொல்லத்தான் போனேன். அதை இங்கே மாற்றி எழுத எனக்கு மனமில்லை. ஒரு சாகிற பன்றிக்காக ஒரு மாஸ்டரை எச்சில் டிரம்மில் அமுக்குவதா? உப்பைத் தின்றால் எந்த உயிராவது சாகுமா? நாம் எல்லாம் உப்புத் தின்று உயிரோடுதானே இருக்கிறோம்? இப்படியே புலம்பிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் வாயைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஊருக்கு வெளியே ஒரு சரிவில் சைமனின் வீடும் பின்னால் பன்றிப் பட்டியும். இறங்கும்போதே சத்தம் கேட்டது. உள்ளே ஒரு பன்றி ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நிற்கத் தெரியாமல். இன்னொன்று சுவரில் நெற்றியை அழுத்தி அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் ரத்தம். ஒன்று மல்லாந்து கிடந்து நான்கு காலையும் ஓடுவது போல உதைத்துக்கொண்டிருந்தது. மூன்று ஏற்கெனவே செத்துக் கிடந்தன, என் ஹாலுக்கு வந்தது நான்காவது. ஒரு மூலையில் வயிறு தரையில் தட்டும் சினைப்பன்றி ஒன்று எதிரே வந்த என்னைப் பார்க்காமல் தூணில் போய் முட்டியது. சைமனின் மனைவி மார்த்தா அதன் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கால்நடை டாக்டர் வந்திருந்தார், மலையாளி. என் சட்டையில் ரத்தத்தையும் பொங்கலையும் பார்த்து நான் யார் என்று தெரிந்துகொண்டார். "உப்பாணு" என்றார். "உப்பு. மூளை வீங்கும், கண்ணு போகும். வெள்ளம் இஷ்டம் போலக் கிட்டியிருந்தால் பிழைக்கும். இவிடெ வெள்ளம் எவிடெ?" பன்றிக்குக் கொஞ்சம் உப்பு ஒன்றும் செய்யாது, நிறைய உப்பும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் அது விஷம். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த குடத்தைத்தான் மார்த்தா பன்றிகளுக்கும் பங்கு போட்டிருக்கிறார். நான் போட்ட உப்பைத் தின்றுவிட்டு அவை நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர் தேடியிருக்கின்றன.

சைமன் என்னைப் பார்த்தார். புருவத்தில் ரத்தம் கறுத்திருந்தது. என் இடுப்பில் கத்தியின் பிடி வெளியே தெரிந்தது. வந்து அதை உருவினார். நான் தடுக்கவில்லை, அவர் என்னைக் குத்தியிருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன். மல்லாந்து உதைத்துக்கொண்டிருந்த பன்றியைக் காட்டி, காலைப் பிடி என்று சைகை செய்தார். பிடித்தேன். என் கத்தியை அதன் கழுத்தில் இறக்கினார். சூடாக என் முழங்கை வரைக்கும் அடித்தது. சுவரில் முட்டிய பன்றிக்கும் அப்படியே. சுற்றிக்கொண்டிருந்ததைப் பிடித்து நிறுத்தவே இருவராலும் முடியவில்லை. அது சுற்றிச் சுற்றித் தானாகவே விழுந்தது. ஏழு பன்றிகள். அந்த இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஏழையும் அந்தச் சரிவிலேயே குழி வெட்டிப் புதைத்தோம். சோறு வீணாகிறது என்று ஆத்திரப்பட்டவன் நான். ஒரு குடும்பத்தின் பிழைப்பை ஒரே பிற்பகலில் மண்ணில் போட்டு மூடினேன்.

மிஞ்சியது அந்தச் சினைப்பன்றி மட்டும். அது செத்தால் சைமன் குடும்பத்துக்குக் கூலி வேலைதான் கதி. தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவே கொன்றுவிடும். அரை மணிக்கு ஒரு சிரட்டை, அதற்கு மேல் கூடாது. ஹோட்டலைச் சாத்தினேன். தொட்டியில் இருந்த தண்ணீரைக் கேன்களில் பிடித்து வேனில் ஏற்றிக் கொண்டு போனேன். இரண்டு நாள் அந்தப் பட்டியில் உட்கார்ந்து சிரட்டை சிரட்டையாகப் புகட்டினேன். மார்த்தா அசந்து தூங்கும்போது நானும் பன்றியும்தான். "குடி தாயி. கொஞ்சங் கொஞ்சமாக் குடி. உனக்கு உப்பு வச்ச பாவி நாந்தேன்" என்று பேசிக்கொண்டே இருந்தேன். பாண்டியம்மாவை அறைந்ததைச் சொன்னேன். மல்லிகாவின் தட்டைச் சொன்னேன். பிஜயின் தோளைச் சொன்னேன். மனிதர் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொன்னேன். அது சிரட்டை இருக்கும் இடம் தெரியாமல், என் குரல் வரும் பக்கமாக மூக்கை நீட்டும். கண் போய்விட்டது. உயிர் தங்கியது.

சரோஜா அக்கா பேத்தியைக்கூடச் சரியாகக் கொஞ்சாமல் அடுத்த விமானத்தில் வந்தார். என் வீங்கிய வாயைப் பார்த்து ஒரு சொட்டு இரக்கப்படவில்லை. "மூளை கராப் ஆயிடுச்சா மாஸ்டர் உங்களுக்கு? அது சைமனோட டிரம். நம்மளோடது இல்ல. அடுத்தவன் வீட்டு உலையில நமக் கொட்டுவீங்களா நீங்க?" என்றார். கப்பலேறிப் போய்விடுகிறேன் அக்கா என்றேன். "உங்களை ஜஹாஜ்ல ஏத்தி வாபஸ் அனுப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். நீங்க போயிட்டா அவனோட செத்த பன்னிங்க வாபஸ் வருமா? அந்தத் தாய்ப்பன்னி குட்டி போட்டு, அவன் பட்டி ஃபுல் ஆகற வரைக்கும் மெயின்லேண்ட் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார். பிஜயைப் போன் போட்டு வரவழைத்தவரும் அவர்தான். பிஜய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவர் பக்கத்தில் நிற்கும்போது நான் மரக்கரண்டிதான் பிடிக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். சோறு ஏன் தினமும் மிஞ்சியது என்பதையும் அவர்தான் விளக்கினார். கப்பல் வரும் நாளில் கப்பல்துறையிலிருந்து ஐம்பது பேர் திடீரென்று வருவார்கள். அதனால் என்றைக்கும் ஐம்பது பேருக்குச் சேர்த்தே வடித்திருக்கிறார்கள், கப்பல் வராத நாளிலும்.

அப்போதுதான் அண்டாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுக் குண்டானுக்கு மாறினோம். கப்பல் எப்போது கரைக்கு வருகிறது என்று காலையில் விசாரித்துவிட்டுத்தான் இப்போது உலை வைக்கிறோம். ஆனால் ஒரு சிக்கல் வந்தது, அதை யாரும் பேசுவதில்லை. மிச்சம் குறைந்தால் சைமனின் டிரம் காலி. நான் யோக்கியனாக ஆக ஆக அவர் பன்றி பட்டினி கிடக்கும். அதனால் கஞ்சித் தண்ணீர், முட்டைக்கோஸின் வெளி இலை, கிழங்குத் தோல், பலாச் சக்கை எல்லாவற்றையும் வேறு எதோடும் கலக்காமல் எடுத்து வைக்கப் பழகினோம். மனிதன் தின்பதை மனிதனுக்கே வைப்பது, மற்றதைச் சுத்தமாகப் பன்றிக்கு வைப்பது. கேட்கச் சின்ன விஷயம். எனக்கு அதற்கு ஒரு பல்லும் ஏழு உயிரும் தேவைப்பட்டன.

மறு வருடம் மல்லிகாவை இங்கே கூட்டி வந்தேன். கப்பலில் வரும் தக்காளி பாதி அழுகித்தான் வரும். அவள் அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியைச் சமைப்பாள். முதல் நாள் மீன் குழம்பைச் சூடாக்கி வைத்துவிட்டு, அரை நிமிடம் தட்டிலேயே கை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் தூக்கி எறிந்தால் பிடிப்பதற்கு. அவள் வந்த நான்கு வருடத்தில் ஒரு முறையும் எறிந்ததில்லை. ஆனாலும் அவள் கை இன்னும் நிற்கிறது. கேட்டால், "பழக்கதோசம், சாப்பிடுங்க" என்பாள்.

கண்ணில்லாத அந்தப் பன்றி எட்டுக் குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. அடுத்தடுத்த ஈற்றில் பட்டி நிறைந்தது. சரோஜா அக்கா போட்ட கெடு முடிந்தும் நான் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி கொண்டு போவேன். வாசலில் நின்று "தாயி" என்றால் எந்த மூலையில் படுத்திருந்தாலும் எழுந்து என் காலடிக்கு வரும். சைமன் இந்தியில் கூப்பிட்டாலும், மார்த்தா தங்கள் வீட்டுப் பேச்சில் கூப்பிட்டாலும் அசையாது. "மதராஸி ஹோ கயி" என்று மார்த்தா சிரிப்பார், மதராஸிப் பன்றியாகிவிட்டதாம். சைமன் சிரிக்க மாட்டார். அவர் புருவத்தில் தழும்பு, என் வாயில் சந்து. ஐந்து வருடமாக எங்களுக்குள் தலையசைப்புக்கு மேல் பேச்சில்லை.

போன மாதம் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணம். கண்ணில்லாத அந்தக் கிழப்பன்றியைக் கல்யாணத்துக்கு அறுக்க வேண்டும் என்றார். கயிறு போட்டு இழுத்தால் கண் தெரியாத ஜீவன் பயந்து கத்தும், கல்யாண வீட்டில் அது வேண்டாம். "தேரீ போலீ பே ஆதீ ஹை. தூ புலா." உன் பேச்சுக்குத்தான் வரும், நீ கூப்பிடு. வேறு ஆளைப் பார் என்று தமிழில் கத்தினேன். அவர் போகவில்லை. இந்த மழைக்கு அது தாங்காது, தானாகச் செத்தால் புதைக்கத்தான் வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். இன்னொன்றையும் மண்ணில் போடச் சொல்கிறாயா என்று கேட்டார். நாள் முழுக்க ஊருக்கே வீணாக்காதே என்று பாடம் எடுக்கிறவன் நான்.

போனேன். பட்டிக்கு வெளியே வாழை இலை விரித்திருந்தது. சைமனின் மச்சான் கோடாரியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் குந்தி உட்கார்ந்தேன். "வா தாயி. தண்ணி இருக்கு, வா." மூலையில் படுத்திருந்தது காதை ஆட்டியது. முன்கால் ஊன்றி, பின்கால் ஊன்றி, சிரமப்பட்டு எழுந்து வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது. தண்ணீரைத் தேடியது. கோடாரி இறங்கியது. முதல் அடி சரியாக விழவில்லை. அது அலறிக்கொண்டு திரும்பி ஓடியது, ஓடி வந்து நுழைந்தது என் இரண்டு காலுக்கும் நடுவில்தான். இரண்டாவது அடி அங்கேதான் விழுந்தது.

அவர்கள் ஒன்றையும் வீணாக்கவில்லை. ரத்தம், குடல், தோல், தலை எல்லாம் சமையலுக்குப் போயிற்று. பந்தியில் என்னைச் சைமன் தன் குடும்பத்து வரிசையில் உட்கார வைத்தார். இங்கேயுள்ள இன்னொரு தீவான லாங் ஐலண்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நான் எந்த ஊர் என்று விசாரித்தார். நான் பரமக்குடி என்று ஆரம்பிப்பதற்குள் சைமன் என் தோளில் கை வைத்து, "ஹமாரா ஆத்மி" என்றார். எங்கள் ஆள். இந்தத் தீவில் அந்த வார்த்தைக்காகத்தான் ஐந்து வருடம் காத்திருந்தேன். மார்த்தா என் தட்டில் சோற்றை வைத்து, கறியை அள்ளி ஊற்றினார். நான் பிறந்ததிலிருந்து பன்றி தின்றவன் இல்லை. இந்தத் தீவில் என் ஊர்த் தமிழுக்கு எழுந்து வருகிற ஒரே உயிர் அந்தத் தட்டில் இருந்தது. முதல் பந்தி எழுந்தது, இரண்டாம் பந்தி உட்கார்ந்தது, நான் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் மார்த்தா தட்டை வாங்கிக் கழுவக் கையை நீட்டினார். கொடுத்தேன். தட்டில் மிச்சம் எதுவும் இல்லை.